குறுக்கே நடந்தவன்

அத்தியாயம் 9

ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரே ஒரு நாற்காலி. அந்த ஒரே நாற்காலியில் மேடம் உட்கார்ந்துவிட்டதால் ரேடியோ உட்கார இடம் தேடி அறையை இரண்டு சுற்றுச் சுற்றினான்.

"வர்றவங்களுக்கு ஒரு ஸ்டூல் கூட வாங்கிப் போடலையே உங்க தம்பி?" என்றான்.

"வந்தாத்தானே?" என்றார் கட்டிலில் உட்கார்ந்திருந்த அக்கா. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

ரேடியோ என்பது அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. டிவி மெக்கானிக்காக இருந்தபோது வாடிக்கையாளர்கள் வைத்தது. டிவி ரிப்பேர் ஆகி நின்றாலும் இவன் வாய் நிற்காதாம். அந்த வாயைச் சகித்துக்கொண்டு அவனை உதவியாளனாக வைத்திருக்கும் புண்ணியவதிதான் மேடம். துப்பறியும் தொழிலில் நரைத்தவர். வீட்டைப் பூட்டிக் கிளம்பும்போது டிவியை அணைக்காமல் வருகிற பழக்கம் அவருக்கு உண்டு. திரும்பிப் போய்க் கதவைத் திறக்கும்போது ஏதாவது ஒரு குரல் கேட்கட்டும் என்றுதான். இதை ரேடியோவிடம் கூடச் சொன்னதில்லை. சொன்னால் அவன் ஊருக்கே ஒலிபரப்பிவிடுவான்.

விவகாரம் இதுதான். அக்காவின் தம்பி ஒரு கேமரா வாடகைக் கடையில் ஸ்டோர்கீப்பர். போன வாரம் ஒரு சாயங்காலம், கடை மூடிய பிறகு, யாரோ பின்வாசல் வழியாக நுழைந்து விலை உயர்ந்த கேமராக்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பூட்டு உடையவில்லை. சாவி போட்டுத் திறந்திருக்கிறார்கள். அந்தப் பூட்டுக்கு இரண்டே சாவிகள். ஒன்று முதலாளியிடம். அவர் அன்று ஒரு கல்யாண வரவேற்பில் ஊரே பார்க்க உட்கார்ந்திருந்தார். இன்னொன்று அவசரத்துக்கு என்று ஸ்டோர்கீப்பர் வீட்டு மேஜை டிராயரில் கிடப்பது. போலீஸ் வந்து பார்த்தபோது அது டிராயரிலேயே சமர்த்தாகக் கிடந்தது. அது போதாதா? அள்ளிக்கொண்டு போய் லாக்கப்பில் வைத்துவிட்டார்கள். போலீஸ் காவல் முடிந்து நாளைக் காலை கோர்ட்.

"நான் வீட்டுல தனியா இருந்தேன்னு சொல்றான். அதுக்குச் சாட்சி கொண்டு வான்னு இன்ஸ்பெக்டர் கேக்கறார்" என்று அக்கா மறுபடி அழ ஆரம்பித்தார். "தனியா இருந்ததுக்கு எப்படிம்மா சாட்சி வரும்? கூட ஒருத்தர் இருந்தா அது தனியா இருந்ததா ஆகுமா?"

நேற்று சாயங்காலம் நீ எங்கே இருந்தாய் என்று யாராவது தன்னைக் கேட்டால், தனக்கும் கைகாட்ட ஒரு ஜீவன் இல்லை என்று மேடத்துக்குத் தோன்றியது. அந்த நினைப்பைத் தள்ளிவிட்டு, மேஜையருகே வயர் குவியலோடு கிடந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"அது என்ன?"

"அவனே செட் பண்ணது. டிவி நிகழ்ச்சிய எல்லாம் பதிவு பண்ணி வெக்குமாம். அன்னிக்குச் சாயங்காலம் வினாடி வினா பாத்துட்டு இருந்தேன், மெஷின்ல இருக்கு பாருங்கன்னான். போலீஸ் எல்லாத்தையும் கழட்டிப் பாத்துட்டு, இது ஆள் இல்லாட்டியும் தானா பதிவு பண்ற மெஷின், இதெல்லாம் சாட்சி ஆகாதுன்னு போட்டுட்டுப் போயிட்டாங்க."

"ரேடியோ, இதுக்கு உயிர் குடு."

வேலை என்று வந்துவிட்டால் ரேடியோ கெட்டிக்காரன். கம்ப்யூட்டரை ஜன்னல் பக்கம் இழுத்து வைத்தான். டிவி சிக்னலைப் பிடிக்கிற, கட்டைவிரல் அளவில் இருந்த டியூனர் குச்சியைச் செருகினான். அதன் வாலில் ஆன்டெனா வயரை மாட்டி, ஆன்டெனாவை ஜன்னல் விளிம்பில் உட்கார வைத்தான். பொத்தானை அழுத்தியதும் கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் ஓடின.

"லினக்ஸ் மேடம். கம்ப்யூட்டர ஓட்டற சாஃப்ட்வேர். காசு குடுத்து வாங்க வேண்டாம், பொறுமை குடுத்து வாங்கணும். குச்சிய மாட்டினா மட்டும் படம் வராது. குச்சிக்குத் தேவையான ஃபைலத் தேடிப் போடணும். சேனல் எல்லாம் தேடிப் பிடிக்கணும். எத, எப்போ பதிவு பண்ணணும்னு விதி எழுதணும். வேல முடிஞ்சா தூங்கு, அடுத்த நிகழ்ச்சிக்கு நீயே எழுந்துக்கோன்னு பழக்கணும்."

"குழந்தை வளக்கற மாதிரி சொல்ற."

"எந்தக் குழந்தை மேடம் சொன்ன நேரத்துக்கு எழுந்துக்குது?"

கம்ப்யூட்டர் கடவுச்சொல் கேட்கவில்லை. நேராகத் திறந்துகொண்டது. வேறு யாரும் தொடாத பெட்டிக்குப் பூட்டு எதற்கு என்று ஸ்டோர்கீப்பர் நினைத்திருப்பார். பதிவுகள் வரிசையாக வந்து நின்றன. சம்பவ நாளின் வினாடி வினாவை ரேடியோ ஓட விட்டான். தொகுப்பாளர் கேள்வி கேட்க வாயைத் திறந்தார். சட்டென்று அவர் முகம் சதுரம் சதுரமாகச் சிதறியது. குரல் கரகரத்து நின்றது. ஒரு நொடியில் எல்லாம் சேர்ந்து மறுபடி மனிதரானார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை அதே மாதிரி.

"சிக்னல் வீக்கு. மெஷினுக்குச் சளி பிடிச்சிருக்கு" என்றான்.

"இப்போ நேரா வர்ற படத்தப் போடு."

போட்டான். தண்ணீரில் கழுவினாற்போல் படம் பளிச்சென்று வந்தது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் ஒரு சதுரம் கூடச் சிதறவில்லை.

"உன் கைக்கு வர்ற படம் அவர் கைக்கு ஏன் வரல?"

"தொழில் சுத்தம் மேடம்."

"தற்பெருமைய அப்புறம் வெச்சுக்கோ. கம்ப்யூட்டர் முன்னாடி இங்கயா இருந்துது?"

மேடம் குனிந்து பார்த்தார். மேஜைக்கு அடியில், தூசிக்கு நடுவே, நீள்சதுரமாக ஒரு சுத்தமான இடம். கம்ப்யூட்டரை அங்கே தள்ளச் சொன்னார். தள்ளியதும் ஆன்டெனா வயர் ஜன்னலுக்கு எட்டவில்லை. அப்படியானால் எங்கே எட்டும்? ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு பலகை இருந்தது. அதிலும் தூசிக்கு நடுவே ஆன்டெனாவின் அடிப்பாகம் அளவுக்கு வட்டமாக ஒரு தடம். அங்கே வைத்தபோது அச்சில் வார்த்தாற்போல் பொருந்தியது. படமும் வந்தது.

"இப்பவும் நல்லாத்தான் வருது" என்ற ரேடியோ, தொண்டை வறண்டு, தண்ணீர் குடிக்க அடுப்படிப் பக்கம் நடந்தான்.

திரையில் செய்தி வாசித்துக்கொண்டிருந்த பெண் சுக்குநூறானாள்.

"நில்லு!"

"என்ன மேடம், பாம்பா?"

"திரும்பி நட."

நடந்தான். மறுபடி சிதறியது. மேடம் அவனை அங்கும் இங்கும் நடக்க விட்டார். நடுவே குறுக்கிடும்போதெல்லாம் படம் உடைந்தது, தாண்டியதும் சேர்ந்தது. கட்டிலில் இருந்த அக்கா அழுகையை மறந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

"நான் அவ்வளவு குண்டா மேடம்?"

"ஒல்லியா இருந்தாலும் உடையும். டிவி டவர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம். ஆன்டெனா இந்தச் சுவத்துல. அறைக்கு ஒரு பக்கம் வாசலும் அடுப்படியும். இன்னொரு பக்கம் கட்டில், நாற்காலி, மேஜை. இங்கிருந்து அங்க போகணும்னா நடுவுல குறுக்க நடந்தே ஆகணும். நாலு பேர் இருக்கற வீட்டுல ஆன்டெனாவ இங்க வெச்சா முதல் நாளே சண்ட வந்து எடுத்து வேற இடத்துல வெச்சிருப்பாங்க. தனியா இருக்கறவர் உக்காந்துட்டா குறுக்க நடக்க ஆள் கிடையாது. அதனால இவருக்கு இது தப்பாவே தெரியல."

சொல்லி முடித்ததும் தன் சாமர்த்தியத்தை நினைத்து மேடத்துக்கே கொஞ்சம் பெருமை வந்தது. இந்தப் பெருமைக்கு இன்னும் சற்று நேரத்தில் விழப்போகும் அடி அவருக்குத் தெரியாது, பாவம்.

"அப்போ அன்னிக்கு வினாடி வினா உடைஞ்சுதே!" அக்கா துள்ளி எழுந்தார். "அவன்தானே நடந்திருக்கான்! வீட்டுலதானே இருந்திருக்கான்!"

"யாரோ நடந்திருக்காங்க. அது உங்க தம்பிதான்னு என்ன நிச்சயம்னு இன்ஸ்பெக்டர் கேப்பார்" என்றார் மேடம். "ரேடியோ, அவர் கண்டிப்பா வீட்டுல இல்லாத நேரத்துல பதிவான நிகழ்ச்சி ஏதாவது இருக்கா?"

இருந்தது. தினமும் மத்தியானம் வரும் செடி வளர்ப்பு நிகழ்ச்சி. ஸ்டோர்கீப்பர் கடையில் இருக்கும் நேரம். கம்ப்யூட்டர் தானே எழுந்து, பதிவு செய்து, தானே தூங்கிவிடும்.

"வீட்டுல ஒரு பூந்தொட்டி கூட இல்ல. உரம் போடறது எப்படின்னு தினம் பதிவு பண்ணியிருக்கார் மனுஷன்" என்று முனகிக்கொண்டே ரேடியோ ஓட விட்டான்.

சம்பவத்துக்கு முந்தைய நாள்: படம் சுத்தம். அதற்கு முன்னால்: சுத்தம். சம்பவ நாள்: ரோஜாப் பதியன் போட்டுக்கொண்டிருந்த கைகள் சட்டென்று சதுரங்களாக உடைந்தன. மூச்சு இழுத்து விடுகிற நேரம். மறுபடி உடைந்தன. அவ்வளவுதான். மறுநாள் மத்தியானமும் அதே போல, உள்ளே ஒன்று, வெளியே ஒன்று.

ரேடியோவின் வாய் கூட நின்றுவிட்டது.

"ஒருத்தன் வந்திருக்கான்" என்றார் மேடம் மெதுவாக. "நேரா மேஜைக்குப் போயிருக்கான். தேடவே இல்ல. எந்த டிராயர்னு தெரிஞ்சவன். முதல் நாள் சாவிய எடுத்திருக்கான். மறுநாள் வெச்சிருக்கான்."

முதலாளிக்கு போன் போட்டார். அந்த இரண்டு நாளும் மத்தியானம் கடையை விட்டு வெளியே போனது யார்? வேன் டிரைவர் மட்டும்தான், டெலிவரிக்கு, என்றார் முதலாளி.

"அவரா?" அக்காவின் முகம் வெளுத்தது. "தம்பிக்கு இருக்கற ஒரே சிநேகிதம் அவர்தாம்மா. லாக்கப்புக்கு தினமும் டீ கொண்டு போய்க் குடுக்கறது கூட அவர்தான்."

கீழே வீட்டுக்காரரைக் கேட்டபோது, குடி வந்த அன்று இந்த அறைக்கு இரண்டு சாவி கொடுத்தேன் என்று அடித்துச் சொன்னார். ஆனால் இரண்டாவது சாவி தொலைந்துவிட்டது என்று ஸ்டோர்கீப்பர் போலீஸிடம் சொல்லியிருக்கிறார். இது ஏன்? மேடம் யோசித்துக்கொண்டே மாடிக்கு வந்தபோது ரேடியோ திரையை விரலால் தட்டினான்.

"மேடம், ஒண்ணு இடிக்குது. டிஸ்க் ரொம்பிட்டா இந்த மெஷின் பழசத் தானா அழிச்சிடும். ஆனா சில பதிவ மட்டும் அழிக்காதேன்னு சொல்லிப் பூட்டி வெச்சிருக்கார். என்னென்னன்னு நினைக்கறீங்க? அத்தனையும் செடி வளர்ப்பு. போன வருஷத்துலேர்ந்து அங்கொண்ணு இங்கொண்ணு."

"போட்டுப் பாரு."

போட்டான். ஒவ்வொன்றிலும் படம் உடைந்திருந்தது. வரிசையின் கடைசியில் சம்பவ நாளும் மறுநாளும். அவையும் பூட்டப்பட்டிருந்தன. பார்த்து முடித்ததற்கான குறியும் இருந்தது.

பூட்டியது யார்? ஸ்டோர்கீப்பரைத் தவிர இந்தப் பெட்டியைத் தொட ஆள் கிடையாது. அப்படியானால் போலீஸ் வருவதற்கு முன்பே அவர் இதைப் பார்த்துவிட்டார். யார் வந்தார் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சாவி தொலைந்தது என்று பொய் சொல்லியிருக்கிறார்.

"கூட்டுக் களவாணியா மேடம்?" என்று அக்காவுக்குக் கேட்காத குரலில் ரேடியோ கேட்டான்.

மேடம் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினார்.

ஸ்டேஷனில், அலமாரிகளுக்கு நடுவே ஒரு மேஜையைப் போட்டு இன்ஸ்பெக்டர் இடம் கொடுத்தார். அக்காவை வெளி பெஞ்சில் உட்கார வைத்தாயிற்று. ஸ்டோர்கீப்பர் எதிரே வந்து உட்கார்ந்தார். சவரம் செய்யாத முகம். கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டாவது வீட்டுச் சாவி யார்கிட்ட இருக்கு?" மேடம் சுற்றி வளைக்கவில்லை.

"தொலஞ்சு போச்சு."

"செடி வளர்ப்பு நிகழ்ச்சி பாத்தேன்."

துடைக்கிற கை நின்றது. நிமிர்ந்து பார்த்தார்.

"படம் உடைஞ்சுதா?" என்று கேட்டார். மாட்டிக்கொண்டவர் கேட்கிற தோரணை இல்லை அது. ஊரிலிருந்து வந்தவரிடம் சொந்தக்காரர்களை விசாரிப்பது போலக் கேட்டார்.

"உடைஞ்சுது. அத்தனையும் உடைஞ்சுது. நீங்களும் இதுல கூட்டா?"

"ஐயோ, இல்ல மேடம்!" பதறிப்போனார். "எங்க அக்கா மேல சத்தியமா இல்ல."

"அப்புறம் எதுக்கு அதயெல்லாம் பூட்டி வெச்சீங்க?"

ஸ்டோர்கீப்பர் கண்ணாடியை மேஜையில் வைத்தார். பிறகு, கூச்சப்பட்டுக்கொண்டே சொன்னார்.

"மெஷின் செட் பண்ண புதுசுல, தானா எழுந்து பதிவு பண்ணுதான்னு சோதிக்கத்தான் அந்த நிகழ்ச்சியப் போட்டேன். நான் இல்லாத நேரத்துல வர்றது எதுவா இருந்தாலும் சரின்னு. ஒரு நாள் படம் உடைஞ்சிருந்துது. வயர் மாத்தினேன். குச்சிய மாத்தினேன். எல்லாத்தையும் அழிச்சுட்டு லினக்ஸ முதல்லேர்ந்து போட்டேன். மறுபடி ஒரு நாள் உடைஞ்சுது. அன்னிக்குப் பாத்தா என் தலைகாணி அமுங்கியிருந்துது. அப்போதான் புரிஞ்சுது. எனக்குக் காய்ச்சல் வந்தப்போ பாத்துக்கறதுக்காக அவன்கிட்ட ஒரு சாவி குடுத்தேன். திருப்பி வாங்கவே இல்ல. டெலிவரிக்கு நடுவுல வந்து ஃபேனுக்கு அடியில படுத்துட்டுப் போறான்."

"நீங்க கேக்கலையா?"

"கேட்டா வர மாட்டானே! அவனும் சொல்லல, நானும் கேக்கல. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல்ல அதத்தான் போட்டுப் பாப்பேன். உடைஞ்சிருந்தா இன்னிக்கு நம்ம வீட்டுக்கு ஆள் வந்துதுன்னு அர்த்தம். அன்னிக்கு ராத்திரி நல்லாச் சாப்பிடுவேன் மேடம்."

மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுக்காகத்தான் ஆன்டெனாவ அங்கயே வெச்சிருந்தீங்களா?"

"ஜன்னல்ல வெச்சா படம் நல்லா வரும்னு எனக்குத் தெரியாதா?"

அவ்வளவுதான். குறுக்கே நடக்க ஆளில்லாதவரின் கவனக்குறைவு என்று மேடம் கண்டுபிடித்துப் பெருமைப்பட்டாரே, அது அப்படியே தலைகீழாக விழுந்தது. யாராவது குறுக்கே நடந்தால் தெரியட்டும் என்றல்லவா மனுஷன் அதை அங்கே வைத்திருந்தார்!

"இந்தத் தடவ அவர் படுக்க வரல" என்றார் மேடம். குரல் தன்னையறியாமல் கடுமையானது. "சாவி எடுக்க வந்தார். பழிய உங்க தலைல போட்டுட்டு, அதுக்கு மேல டீயும் கொண்டு வந்து குடுக்கறார்."

"தெரியும். உடனே போயிட்டானேன்னு அன்னிக்கே நினைச்சேன். மறுநாள் ராத்திரி போலீஸ் வீட்டுக்கு வந்தப்போ புரிஞ்சு போச்சு. டீ குடுக்கறப்போ என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறான்."

"அப்போ பேரச் சொல்லுங்க. யாரோ வந்தாங்கன்னு நான் நிரூபிக்கலாம். சாவிய யார்கிட்ட குடுத்தீங்கன்னு நீங்கதான் சொல்லணும். சொன்னா வெளிய வரலாம். இல்லன்னா நாளைக்கு உள்ள போவீங்க."

"வெளிய வந்து எங்க போறது மேடம்? அந்த ரூமுக்குத்தானே?"

"நானும் தினம் அப்படி ஒரு ரூமுக்குத்தான் போறேன்!" மேடம் மேஜையைத் தட்டியே விட்டார். ரேடியோ திடுக்கிட்டு அவரைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவன் கேள்விப்படாத சமாச்சாரம். "யாருமே இல்லங்கறதுக்காகச் செய்யாத தப்புக்கு ஜெயிலுக்குப் போவீங்களா? வெளிய பெஞ்சுல உங்க அக்கா உக்காந்து அழுதுட்டு இருக்காங்க. அவங்க யாரு? ஆள் இல்லையா?"

ஸ்டோர்கீப்பர் வாசல் பக்கம் பார்த்தார். அங்கிருந்து அக்கா தெரியவில்லை. மூக்கைச் சிந்துகிற சத்தம் மட்டும் கேட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சரி என்று தலையாட்டினார்.

மேடம் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார். அவர் பேனாவும் காகிதமுமாக வந்து உட்கார்ந்தார்.

"என் வீட்டோட ரெண்டாவது சாவி வேன் டிரைவர்கிட்ட இருக்கு சார். நான்தான் குடுத்தேன்."

இன்ஸ்பெக்டர் எழுதினார். ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு, கேமரா கடைக்கு ஜீப்பை எடுக்கச் சொன்னார். காகிதத்தைத் திருப்பிக் கையெழுத்துக்கு நீட்டினார். ஸ்டோர்கீப்பர் பேனாவை வாங்கிக்கொண்டார். ஆனால் கையெழுத்துப் போடவில்லை.

"அவனப் பிடிச்சதும் அவன்கிட்ட இருக்கறது எல்லாத்தையும் வாங்கிடுவீங்களா சார்?"

"பின்னே?"

"அந்த வீட்டுச் சாவியயும்?"

"அதுதானய்யா முக்கியமான தடயம். வாங்காம விடுவோமா?"

ஸ்டோர்கீப்பர் யோசித்தார். பிறகு குனிந்து, எழுத்துக் கோணாமல் நிதானமாகக் கையெழுத்தைப் போட்டார். காகிதத்தை இன்ஸ்பெக்டர் பக்கம் நகர்த்திவிட்டு, கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார்.

"கேஸெல்லாம் முடிஞ்ச பிறகு அத அவன்கிட்டயே குடுத்துடுங்க சார். எனக்கு ஒண்ணு இருக்கு."